சிவப்பு வட்டத்துக்குள் ஒரு டர்ஸ்ட்

மனு திரும்பி வந்திருந்தது. நாறும்பூநாதன் அதை முதலில் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான், பிறகு நேராகப் பிடித்துப் பார்த்தான். எப்படிப் பிடித்தாலும் வட்டம் வட்டமாகவே இருந்தது. மூன்றாவது வரியின் நடுவில், 'டர்ஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சுற்றி, சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம். வேறு ஒன்றும் இல்லை. 'சரி' என்றும் இல்லை, 'முடியாது' என்றும் இல்லை. அதிகாரி கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

அது அவனுடைய சொந்த மனு. தென்காசியில் ஒரு சர்க்கார் ஆபீஸில் அவன் குமாஸ்தா. எந்த இலாகா என்று சொல்ல மாட்டேன், அந்த இலாகாக்காரர்கள் இன்றைக்கும் வருஷா வருஷம் இந்தப் பக்கம் குளிக்க வருகிறார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்று ஜூலையில் அவனுக்கு ஒரு மாற்றல் உத்தரவு வந்தது. ஆகஸ்ட் முதல் தேதி விளாத்திகுளத்தில் போய்ச் சேர வேண்டும்.

விளாத்திகுளத்தின் மேல் அவனுக்கு விரோதம் ஒன்றும் கிடையாது. ஆனால் கலியாணமாகி ஆறு வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிய பிறகு, அவன் மனைவி செண்பகவல்லிக்கு இப்போதுதான் ஏழாவது மாதம். அவள் பிறந்த வீடு பக்கத்தில் அச்சன்புதூர். முதல் பிள்ளை பிறக்கிற நேரத்தில் தான் எழுபது மைலுக்கு அப்பால் உட்கார்ந்து, தந்தி வருமா வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதை மட்டும் அவனால் ஏற்க முடியவில்லை.

மாற்றலை ரத்து செய்யும் அதிகாரம் ஜில்லா அதிகாரி சுந்தரபாண்டியன் ஒருவருக்குத்தான் உண்டு. அவரோ குற்றாலத்தில் கேம்ப். ஜூலை மாதத்தில் எந்த அதிகாரிக்குத்தான் குற்றாலத்தில் கேம்ப் இல்லை? சாரல் விழ ஆரம்பித்ததும் ஜில்லாவில் உள்ள அவசர வேலைகள் எல்லாம் பேரருவிக்கு அரை மைல் சுற்றளவுக்குள் வந்து சேர்ந்துவிடும். அதிகாரி பங்களாவில் இருந்துகொண்டு காலையில் ஒரு குளியல், மாலையில் ஒரு குளியல் போட்டு நடுவில் நிர்வாகம் பண்ணுவார். தென்காசி ஆபீஸிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் ஒரு தபால் பை பஸ்ஸில் போகும். பார்த்த காகிதங்கள் அடுத்த முறை பஸ்ஸிலேயே திரும்பி வரும். கண்டக்டர் அதை வாசலில் போட்டுவிட்டு விசில் ஊதுவார்.

நாறும்பூநாதன் மனுவை எடுத்துக்கொண்டு ஹெட்கிளார்க் உச்சிமாகாளியிடம் போனான்.

உச்சிமாகாளி முப்பது வருஷ சர்வீஸ்காரர். கைரேகை பார்ப்பவர்கள் உள்ளங்கையைப் பார்க்கிற மாதிரி அவர் அதிகாரிகளின் சிவப்புப் பென்சிலைப் பார்ப்பார். அடிக்கோடு என்றால் கவனித்தார் என்று அர்த்தம். ஓரத்தில் கோடு என்றால் கோபம். வட்டம் என்றால் 'விளக்கம் தருக'. இந்த சாஸ்திரம் எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது. ஆனால் ஆபீஸில் யாரும் அதை மீறியதும் கிடையாது.

"இந்த அதிகாரிக்குக் கண்ணு ரொம்பக் கூர்மைலே" என்றார் அவர். "போன வாரம் என் ஸ்டேட்மெண்ட்லயும் ரெண்டு வட்டம். ஒவ்வொரு எழுத்தா வாசிக்காவ. நீ இந்த வார்த்தையை எங்கன புடிச்ச?"

நாறும்பூநாதன் உண்மையைச் சொன்னான். ஆபீஸில் எந்த வாக்கியத்தையும் புதிதாக எழுதும் வழக்கம் இல்லை. பழைய காகிதக் கட்டுகளில் முன்மாதிரி தேடி, பேரையும் தேதியையும் மாற்றி எழுதுவதுதான் முறை. அவனும் ரிக்கார்டு அறையில் இரண்டு நாள் தும்மித் தும்மித் தேடி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் ஒரு குமாஸ்தா வெள்ளைக்காரத் துரைக்கு இங்கிலீஷில் எழுதிய மனுவைக் கண்டெடுத்தான். அதுவும் மாற்றல் ரத்து மனு. ஓரத்தில் துரை 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பலித்த மனு என்று தெரிந்த பிறகு அதில் கை வைப்பானா? 'தங்கள் சமூகத்துக்கு நேரில் வந்து தொந்தரவு கொடுக்க மனுதாரன் டர்ஸ்ட் நாட்' என்ற வரியை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டான். 'நாட்' என்றால் இல்லை என்று தெரியும். மிச்சத்தைத் துரையே புரிந்துகொண்டிருக்கும்போது தனக்கென்ன என்று விட்டுவிட்டான்.

"அப்ப அர்த்தம் தெரியாமத்தான் போட்டிருக்க."

"ஒரு மாதிரித் தெரியும் அண்ணாச்சி. வேணும்னா அந்த வார்த்தையை அடிச்சுட்டு வேற போட்டுருதேன்."

உச்சிமாகாளி பதறிப்போனார். வட்டம் போட்ட சொல்லை அடித்தால் தப்பு என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், முப்பது வருஷத்தில் தான் ஒரு சொல்லைக்கூட அடித்தது இல்லை, வட்டம் விழுந்த சொல்லைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும் என்றார். ஒரு பக்கம் விளக்கம் எழுதி வெள்ளிக்கிழமைப் பையில் போடச் சொன்னார்.

அன்று சாயங்காலம் நாறும்பூநாதன் ஞானதுரையைத் தேடிப் போனான். ஞானதுரை அவனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். இப்போது பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். பன்னிரண்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறான், ஒரு பையனாவது ஒரு சொல்லைப் பற்றித் தானாக ஒரு கேள்வி கேட்டதில்லை என்ற குறை அவனுக்கு உண்டு. டர்ஸ்ட் என்றால் என்ன என்று கேட்டதும் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு, வீட்டுக்காரியிடம் இரண்டு காப்பி சொல்லிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டான்.

டேர் என்றால் துணி. அதன் பழைய இறந்தகாலம்தான் டர்ஸ்ட். துணிந்தான், துணிந்தாள், துணிந்தார்கள் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. இன்று எல்லோரும் எழுதுகிற 'டேர்ட்' பின்னால் பிறந்த தம்பி. கடைசியில் 'ஸ்ட்' என்று வால் இருப்பதால், முன்னிலையில் ஒருவனை 'நீ' என்று சொல்லும் பழைய வினையோ என்று பலபேர் ஏமாந்துபோவார்கள். அப்படியில்லை. ராஜா துணிந்தாலும் டர்ஸ்ட்தான், தோட்டி துணிந்தாலும் டர்ஸ்ட்தான்.

"எங்க கோயில்ல வாசிக்க பழைய இங்கிலீஷ் பைபிள்ல இன்னும் இருக்குலே" என்றான் ஞானதுரை. "நம்ம பழைய இலக்கணக்காரங்க 'என்பாங்க'ங்கறதுக்கு 'என்மனார்'னு எழுதுவாங்கல்லா, அது மாதிரி வச்சுக்கோ. இன்னைக்கு டீக்கடையில எவனாவது 'என்மனார்'னு பேசுவானா?"

நாறும்பூநாதனுக்கு வந்த காரியம் மறந்துவிட்டது. அவனுக்கு நிஜமாகவே ஓர் ஆச்சரியம் பிடித்துக்கொண்டது. ஒரு வினைச்சொல் தன் இறந்தகாலத்தையே எப்படித் தொலைக்கும்? தம்பி வந்த அன்றே அண்ணன் போய்விட்டானா? யார் உத்தரவு போட்டார்கள்?

"யாரும் போடல. தம்பி வந்து பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்தான். முந்நூறு வருசத்துக்கு மேல ரெண்டு பேரும் ஒரே சீட்டுல வேலை பார்த்தாங்க. கொஞ்சம் கொஞ்சமாத் தபாலெல்லாம் தம்பிக்கு வர ஆரம்பிச்சிட்டு, அண்ணன் ரிட்டயராயிட்டான்" என்றான் ஞானதுரை. "இன்னொண்ணு பாத்தியா? இந்த வார்த்தைக்குப் பக்கத்துல முக்காவாசி நேரம் 'நாட்' இருக்கும். துணிஞ்சவன் எதுக்குலே எழுதிக்கிட்டு இருக்கான்? துணியாதவன்தான் எழுதுவான்."

இந்தக் கடைசி வாக்கியம் நாறும்பூநாதனுக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை. மற்றதையெல்லாம் குறித்துக்கொண்டு வந்து, 'டர்ஸ்ட் நாட் என்பது டேர்ட் நாட் என்பதன் பழைய வடிவம். மனுதாரன் மரியாதையின் காரணமாக நேரில் வரத் துணியவில்லை என்பது பொருள்' என்று ஒரு பக்கம் டைப் அடித்து அனுப்பினான்.

செவ்வாய்க்கிழமை பை வந்தது. அவன் டைப் அடித்த பக்கத்தில் 'டேர்ட்' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

உச்சிமாகாளி அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "துணிந்தான். யாரு துணிஞ்சாங்கன்னு கேக்காவ" என்றார்.

பக்கத்திலேயே 'நாட்' இருக்கிறதே, துணியவில்லை என்றுதானே எழுதியிருக்கிறேன் என்று நாறும்பூநாதன் அழாத குறையாகச் சொன்னான். அது வட்டத்துக்கு வெளியே இருக்கிறது, அதிகாரி வட்டத்துக்கு உள்ளே இருப்பதைத்தான் பார்ப்பார் என்றார் உச்சிமாகாளி. அதிகாரியைப் பார்த்து ஒரு குமாஸ்தா 'துணிந்தேன்' என்று எழுதினால் அது எங்கே போய் முடியும் என்று அவர் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதுவே போதுமாக இருந்தது.

செண்பகவல்லி முதல் நாளிலிருந்து ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"குத்தாலம் மூணு மைலு. பஸ் ஏறிப் போயி, அய்யா என் பொஞ்சாதிக்கு ஏழு மாசம், இந்த ஒரு தடவை பாத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டு வாங்களேன்."

ஆபீஸ் வழக்கம் தெரியாமல் பேசுகிறாள் என்று நாறும்பூநாதன் பொறுமையாக விளக்கினான். ஒன்று, அதிகாரியை அழைக்காமல் போய்ப் பார்ப்பது குற்றம். இரண்டு, அவர் குளிக்க வந்திருக்கிறார், குளிக்க வந்தவர் முன்னால் குமாஸ்தா போய் நிற்கலாமா? மூன்றாவதுதான் முக்கியம். நேரில் வரத் துணியவில்லை என்று மனுவிலேயே எழுதியாகிவிட்டது. இப்போது போய் நின்றால் மனு பொய்யாகிவிடும்.

அவள் ரசத்தை ஊற்றினாள்.

இரண்டாவது விளக்கம் நாலு பக்கம் வந்தது. ஞானதுரையும் அவனும் மூன்று நாள் மாலை உட்கார்ந்து எழுதினார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அந்தச் சொல்லுக்கு ஒரு மூதாதை இருந்தது, அது எப்படி வாய்க்கு வாய் தேய்ந்து டர்ஸ்ட் ஆனது, 'துணிந்தேன்' என்பதோடு 'துணிந்திருப்பேன்' என்ற பொருளிலும் எப்படி வழங்கியது, தம்பி டேர்ட் நானூறு வருஷத்துக்கு முன்னால் எப்படி வந்து சேர்ந்தான், இங்கிலாந்தின் வடக்கு மூலையில் சில ஊர்க்காரர்கள் அண்ணனை எப்படி விடாமல் வைத்திருந்தார்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. எழுதி முடித்தபோது நாறும்பூநாதனுக்குத் தன் மாற்றல் விஷயம் நாலாவது பக்கத்தின் அடியில் ஒரு வரியில்தான் வருகிறது என்பதே உறைக்கவில்லை. அந்த மூன்று நாளும் அவன் சந்தோஷமாக இருந்தான் என்பதை மறைப்பதற்கில்லை. விளாத்திகுளம் என்ற ஊர் இருப்பதையே மறந்து, இரண்டாவது காப்பி வரும்வரை ஞானதுரையைக் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் துளைத்தான்.

பை திரும்பி வந்தது. இரண்டாவது பக்கத்தில் 'நானூறு' என்ற எண்ணைச் சுற்றி வட்டம்.

"ஆதாரம் கேக்காவ" என்றார் உச்சிமாகாளி உடனே. "நானூறுன்னு சொன்னியே, எவன் எண்ணுனான்? ஆதாரத்தை இணைச்சு அனுப்பணும்."

ஆதாரம் ஞானதுரை வீட்டு அலமாரியில் இருந்தது. கல்லூரியில் முதல் பரிசாக வாங்கிய ஆங்கில அகராதி. தோல் அட்டை, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். அவன் அதைத் தன் பெண்டாட்டியைக்கூடத் தொடவிடமாட்டான். அதை இணைப்பாக அனுப்ப வேண்டும் என்றதும் அவன் முகம் விழுந்துவிட்டது. நாறும்பூநாதன் செண்பகவல்லியின் ஏழாவது மாதத்தை எடுத்துச் சொன்னான். ஞானதுரை பெருமூச்சு விட்டு, பழைய வேட்டியில் சுற்றிக் கொடுத்தான். ஆபீஸில் அதற்கு முறைப்படி சிவப்பு நாடா கட்டி, உரிய பக்கத்தில் சீட்டுச் செருகி, அட்டையில் 'இணைப்பு ஒன்று' என்று லேபிள் ஒட்டினார்கள். பசை காய்வதற்குள் பஸ் வந்துவிட்டது. பையைத் தூக்கிய கண்டக்டர், உள்ளே அம்மிக்கல் எதுவும் இருக்கிறதா என்று கேட்டார்.

இதற்குள் விஷயம் ஆபீஸைத் தாண்டி ஊருக்குள் போய்விட்டது. ஒரு குமாஸ்தாவின் மனுவை ஜில்லா அதிகாரி மூன்று முறை கையில் எடுத்துப் பார்த்தார் என்றால் சும்மாவா? சாதாரண மனுக்கள் மூன்று வருஷம் கிடந்தாலும் ஒருமுறைகூடத் திரும்பி வருவதில்லை. அந்த வார்த்தையில் ஏதோ இருக்கிறது என்று ஜனங்கள் முடிவு கட்டினார்கள். பண்பொழியிலிருந்து குருவம்மாள் என்ற பெண்பிள்ளை தன் கிணற்றுத் தகராறு மனுவை எடுத்துக்கொண்டு வந்து, அந்த வார்த்தையை அதிலும் ஓர் இடத்தில் போட்டுத் தரச் சொல்லி வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர் வந்தார்கள். நாறும்பூநாதன் மறுத்தும் பயனில்லை. வெளியே மரத்தடியில் மனு எழுதுபவர் அந்தச் சொல்லை எப்படியோ கேட்டுக்கொண்டு, ஒரே வெள்ளிக்கிழமையில் ஒன்பது மனுக்களில் போட்டுவிட்டார்.

ஒன்பது டர்ஸ்டும் அதே பையில் அதிகாரியிடம் போய்ச் சேர்ந்தன என்று தெரிந்ததும் உச்சிமாகாளி தலையில் கை வைத்துக்கொண்டார். இது அதிகாரியைக் கேலி செய்ய நடத்தும் சதி என்று மேலே நினைத்தால் ஆபீஸில் ஒருத்தரும் மிஞ்ச மாட்டார்கள் என்றார்.

ஜூலை முப்பதாம் தேதி, மாதத்தின் கடைசிப் பை வந்தது. அகராதி வரவில்லை. அதற்கு மேல் வைத்து அனுப்பிய ஒற்றைத் தாள் மட்டும் வந்திருந்தது. வட்டம் இந்த முறை எந்தச் சொல்லிலும் இல்லை. தாளின் அடியில், 'கீழ்ப்படிதலுள்ள ஊழியன்' என்பதற்குக் கீழே, நாறும்பூநாதனின் கையெழுத்தைச் சுற்றி இருந்தது.

உச்சிமாகாளி தன் டம்ளரிலிருந்த ஆறிப்போன காப்பியை அவன் பக்கம் நகர்த்தினார். முப்பது வருஷத்தில் அவர் யாருக்கும் அப்படிச் செய்தது கிடையாது.

"பேருக்கு வட்டம் நான் பார்த்ததே இல்லலே" என்றார். "வார்த்தைக்கு விளக்கம் கேட்டாச்சு. இப்ப ஆளுக்கு விளக்கம் கேக்காவ."

மாற்றல் போய், வேலைக்கே வேட்டு என்று நாறும்பூநாதனுக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் ஞானதுரை வேறு வழிமறித்து, என் அகராதி எங்கே என்று கேட்டான். ஒரு விளக்கம், அதற்கு ஒரு விளக்கம், அந்த விளக்கத்துக்கு ஓர் ஆதாரம் என்று பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதையை நினைத்துக்கொண்டே வாசல் ஏறினான்.

செண்பகவல்லி டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். குனிய முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அவனுடைய சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். விளாத்திகுளத்துக்கு. அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவன் ஏதாவது ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பான்.

"துணியலைங்கறதை நாலு பக்கம் எழுதுன நேரத்துல, ஒரு தடவை துணிஞ்சிருக்கலாம்லா" என்றாள், சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆறு வருஷம் காத்திருந்தவள் கேட்டது ஒரே ஒரு பஸ் பயணம். அதைக்கூடச் செய்யாமல் ஓர் அந்நிய பாஷைச் சொல்லின் பூர்வோத்தரத்தைத் தேடிக்கொண்டு அலைந்திருக்கிறான். மடித்த சட்டைகளில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுநாள் காலை குற்றாலம் பஸ் ஏறினான். மாற்றல் ரத்து உத்தரவை அவனே டைப் அடித்துக் கையெழுத்துக்கு இடம் விட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தான். அவ்வளவு கலக்கத்திலும் ஆபீஸ் பழக்கம் விடவில்லை.

பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டியதை மனத்துக்குள் பாடம் செய்தான். முதலில் டர்ஸ்ட்டின் பூர்வீகம், பிறகு தம்பி வந்த காலம், பிறகு நானூறுக்கு ஆதாரம், கடைசியில் ஒன்பது மனுக்களுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்ற வாக்குமூலம். இலஞ்சி தாண்டும்போது சாரல் ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது. பாதி மறந்துவிட்டது.

பங்களா வராந்தாவில் டவாலி போட்ட பியூன் மாடன் ஒருவர்தான் இருந்தார். நரைத்த மீசை, சேவகத்தில் வயதான ஆள். அதிகாரி அருவிக்குப் போயிருக்கிறார், வரும் நேரம்தான், நில்லுங்கள் என்றார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டி காற்றில் பறக்காமல் இருக்க அதன் ஒரு நுனி கைப்பிடிச் சுவர் மேல் இழுத்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் பாரமாக இருந்தது ஞானதுரையின் அகராதி. 'இணைப்பு ஒன்று' லேபிள் சாரலில் ஊறி ஒரு பக்கம் தொங்கிற்று. ஞானதுரை இதைப் பார்த்தால் உயிரை விட்டுவிடுவான் என்று நாறும்பூநாதன் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டான்.

அதிகாரி வந்தார். தலையில் ஈரத்துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய் மினுமினுப்பு, அருவியில் அடிபட்ட சிவப்புத் தோள். படியேறி வந்தவர் அவனை நோக்கி முகத்தைச் சுருக்கி, "யாரு?" என்றார்.

நாறும்பூநாதனுக்குப் பாடம் செய்தது ஒன்றும் வாயில் வரவில்லை. வந்ததெல்லாம் சாதாரணத் தமிழ்.

"அய்யா, தென்காசி ஆபீஸ் குமாஸ்தா நாறும்பூநாதன். விளாத்திகுளத்துக்கு மாத்திட்டாவ. என் பொஞ்சாதிக்கு ஏழு மாசம், அய்யா. ஆறு வருசம் கழிச்சு. பிள்ளை பிறக்க வரைக்கும் என்னை இங்கனயே இருக்க விடுங்க, அய்யா."

அவ்வளவுதான். ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. அதிகாரி துண்டால் காதைத் துடைத்துக்கொண்டார்.

"இதை ஏன்யா முன்னாலேயே வந்து சொல்லல?"

"துணியலைங்கய்யா."

"நான் என்ன புலியா சிங்கமா? உத்தரவு வச்சிருக்கியா?" என்று கையை நீட்டினார். நாறும்பூநாதன் தாளை நீட்டினான். மாடன் பேனாவை எடுத்துக் கொடுத்து, மரியாதையாகத் தாளின் அடியில் விரலை வைத்தார். விரல் இருந்த இடத்தில் அதிகாரி பெரிதாக ஒரு கையெழுத்துப் போட்டார். சம்சாரத்தை நல்லபடியாகப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். டர்ஸ்ட் என்ற பேச்சே எழவில்லை.

நாறும்பூநாதன் அந்தத் தாளை மூன்று முறை படித்தான். கண் கலங்கி எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. உடனே பஸ் பிடித்து ஓடிப்போய் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துச் சட்டைகளையெல்லாம் வெளியே எடுத்துப் போட வேண்டும் போல் இருந்தது. அகராதியைக் கேட்டு வாங்கி, வேட்டி நுனிக்கு வேறு ஒரு கல்லை வைத்துக் கொடுத்து, படியில் இறங்கினான். இரண்டு படி இறங்கியதும் நின்றான். ஒரு மாதமாக மனத்தில் வளர்ந்த ஆவல் அவனைப் போகவிடவில்லை. நாலு வட்டம் போட்டு இத்தனை நுணுக்கமாகக் கேட்டவர் இன்று ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டாரே. எந்த இடத்தில் அவருக்குத் திருப்தி வந்தது? நாலு பக்கத்திலா, அகராதியிலா?

திரும்பி ஏறி வந்து, தன் விளக்கங்களில் எது அய்யாவுக்குப் பிடித்தது என்று மாடனிடம் கேட்டான். மாடன் உள் அறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எந்த விளக்கம், சார்வாள்? இன்னைக்குச் சாயங்காலம் புதுசு வந்துருது, இனிமே சொன்னா என்ன? அய்யா மூக்குக்கண்ணாடி, கேம்புக்கு வந்த மறுநாளே அருவியோட போயிட்டு. மெட்ராசுல இருந்து வேற வார வரைக்கும், வந்த தாளுல எல்லாம் எங்கனயாவது ஒரு வட்டத்தைப் போட்டுத் திருப்பி அனுப்பிரு, தென்காசிக்காரங்க பதில் எழுதிக்கிட்டே இருப்பாங்கன்னு சொல்லி, செவப்புப் பென்சிலை எங்கிட்டல்லா குடுத்துட்டாவ."